யாழ்ப்பாண நகரத்துக்குப் பூங்கா எதற்கு?

"வளவுக்குள்ள மாமரம் நிக்குது, பின்னுக்குப் பனை நிக்குது, கோயிலடியில மருதமரம் நிக்குது. இதுக்குள்ள எங்களுக்குப் பூங்கா என்னத்துக்கு?"

பூங்காவைப் பற்றிப் பேச்செடுத்தால் யாழ்ப்பாணத்தில் அநேகமாக இப்படி ஒரு பதில் வரும். நியாயமான கேள்விதான். பொதுப் பூங்கா என்ற ஏற்பாடே முற்றமில்லாதவர்களுக்காக வந்தது. 1847இல் இங்கிலாந்தின் பேர்க்கன்ஹெட் நகரில் பொதுப் பணத்தில் திறக்கப்பட்ட பூங்காவும், 1858 முதல் நியூயோர்க்கில் உருவான சென்ட்ரல் பூங்காவும், நெருக்கியடித்த வீடுகளில் இருந்தவர்கள் கொஞ்சம் காற்று வாங்க வேண்டும் என்ற எண்ணத்தில் எழுந்தவை. எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்னச் சோலை இருந்தபடியால் அந்தத் தேவை வரவில்லை.

அந்தச் சோலை இப்போது வேகமாகச் சுருங்குகிறது. நாலு பரப்புக் காணி, அதாவது கால் ஏக்கர், சீதனத்துக்காக இரண்டாகப் பிரிகிறது. இரண்டு துண்டிலும் வீடு எழும்புகிறது. கிளுவையும் கிடுகும் நின்ற இடத்தில் மதில் வருகிறது. மாரியில் சேறாகிறது என்று முற்றத்துக்குச் சீமெந்து போடுகிறோம், அல்லது இன்டர்லொக் கல் பதிக்கிறோம். கடைசியில், இலை கொட்டிக் கூட்டி முடியவில்லை என்று மாமரத்தையும் தறித்துவிடுகிறோம். ஒவ்வொரு வீட்டிலும் இதற்குத் தக்க காரணம் இருக்கிறது. ஆனால் ஐம்பது வீடுகள் இப்படிச் செய்தால் அந்த ஒழுங்கையே வேறு ஒழுங்கையாகிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. நகரம் என்பது அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும் உரியதில்லை. காலையில் பஸ்ஸில் வந்து இறங்கும் சாவகச்சேரிக்காரருக்கும், தீவிலிருந்து கிளினிக்குக்கு வரும் அம்மாவுக்கும், கஸ்தூரியார் வீதியில் கடையில் நிற்கும் பிள்ளைக்கும் நகரத்தில் வளவு கிடையாது. மதியம் ஒரு மணிக்கு அவர்கள் எங்கே போய் இருப்பது? பூங்காவைப் பற்றி யோசிக்க இந்தக் கேள்விதான் நல்ல தொடக்கம் என்று நினைக்கிறேன்.

பசுவெளி என்றால் என்ன?

வேலியும் பெயர்ப்பலகையும் ஊஞ்சலும் உள்ள பூங்கா அதில் ஒரு வகை மட்டும்தான். கட்டடத்தாலும் தாராலும் மூடப்படாமல், மண்ணும் மரமும் நீரும் மிஞ்சியிருக்கிற, பலரும் போய்வரக்கூடிய எந்த இடமும் பசுவெளிதான். அப்படிப் பார்த்தால் யாழ்ப்பாணத்தின் பட்டியல் நாம் நினைப்பதைவிட நீளமானது. பொது நூலகத்துக்கு அருகே இருக்கும் சுப்பிரமணியம் பூங்கா, கச்சேரியடியில் பழைய பூங்கா, நல்லூர் முத்திரைச் சந்தியில் சங்கிலியன் பூங்கா, கோட்டைக்கு முன்னால் முற்றவெளி, பண்ணைக் கடற்கரை, ஆரியகுளம், புல்லுக்குளம், நல்லூர் யமுனா ஏரி, கோயில் வீதிகள், பள்ளிக்கூட மைதானங்கள், வீதியோர மரங்கள், ஏன், அரியாலைப் பக்கத்துக் கண்டல் காடுகள்கூட இதற்குள் அடங்கும்.

இந்த இடங்களை நாம் பெரும்பாலும் "வெறுங்காணி" என்று பார்க்கிறோம். ஒரு கட்டடம் கட்ட வேண்டும், வாகனத் தரிப்பிடம் வேண்டும், கடைத்தொகுதி வேண்டும் என்றவுடன் கை முதலில் அங்கேதான் நீளுகிறது. காணி வாங்கக் காசு தேவையில்லை, யாரையும் எழுப்பத் தேவையில்லை, சும்மாதானே கிடக்கிறது என்ற எண்ணம். அது சும்மா கிடக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அந்த நிலம் ஒவ்வொரு நாளும் வேலை செய்கிறது. அந்த வேலைக்கு நாம் காசு கொடுப்பதில்லை, அதனால் அது கண்ணில் படுவதில்லை.

வெக்கையைக் குறைக்கிற வேலை

சித்திரை, வைகாசியில் இரவு எட்டு மணிக்கு மேற்குப் பார்த்த ஒரு மதிலில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூரியன் போய் ஒன்றரை மணித்தியாலமாகியும் அது சுடும். பகல் முழுக்கக் குடித்த வெயிலைத் தாரும் சீமெந்தும் கல்லும் இரவில் மெல்ல மெல்லக் கக்குகின்றன. நல்ல வெயிலில் தார் றோட்டின் மேற்பரப்பு 60 பாகை செல்சியசையும் தாண்டும். நகரத்துக்குள் இப்படிப்பட்ட பரப்புகள் கூடக்கூட, சுற்றியுள்ள தோட்டவெளியைவிட நகரம் சூடாகிறது. இதை நகர வெப்பத் தீவு என்பார்கள். பகலைவிட இரவில்தான் இதன் பாதிப்பை நன்றாக உணரலாம். ஃபேன் சுற்றினாலும் அறை புழுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மரம் இங்கே இரண்டு வேலை செய்கிறது. முதலாவது நிழல். வெயில் தரையில் விழ விடாமல் இலையிலேயே பிடித்துக்கொள்கிறது. நிழலில் இருக்கும் தரையோ சுவரோ, வெயிலில் இருப்பதைவிட 11 முதல் 25 பாகை செல்சியஸ் வரை சூடு குறைந்து இருக்கக்கூடும். இரண்டாவது, பலர் கவனிக்காதது. மரம் வேரால் உறிஞ்சிய நீரை இலை வழியாக ஆவியாக்குகிறது. நீர் ஆவியாக வெப்பம் வேண்டும். அதைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு லீற்றர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. ஆயிரம் வாட் ஹீற்றர் ஒன்றை 40 நிமிடம் எரியவிட்டால் வருகிற வெப்பம் அது. மண்ணில் ஈரமிருந்தால் வளர்ந்த மரம் ஒன்று ஒரு நாளில் பல பத்து லீற்றர் நீரை ஆவியாக்கும். பெரிய மரமென்றால் நூறு லீற்றரையும் தாண்டும். ஏசி அறைக்குள்ளிருக்கும் வெக்கையை எடுத்து வெளியே றோட்டில் கொட்டுகிறது. மரம் அப்படி யாருடைய தலையிலும் கொட்டுவதில்லை.

இதைத் தோலால் அறிய வேண்டுமென்றால் மதியத்தில் கண்டி வீதியால் சுண்டுக்குளிப் பக்கம் சைக்கிளில் போய்ப் பாருங்கள். பழைய பூங்காவின் பெருமரங்கள் வருகிற இடத்தில் முகத்தில் படுகிற காற்று மாறும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தவர் கண்ணை விரிப்பார். வியர்வை உலரத் தொடங்கும். 19ஆம் நூற்றாண்டில் நாற்பது ஆண்டுகளுக்குக் கிட்ட வடக்கின் அரசாங்க அதிபராக இருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக் உருவாக்கிய பூங்கா இது. அருகிலேயே பழைய கச்சேரிக் கட்டடம் போரில் சிதைந்து போனது. கட்டடம் விழுந்தது, ஆட்சிகள் மாறின, அன்று தொடங்கிய நிழல் இன்றைக்கும் றோட்டில் விழுகிறது. இன்று நாம் ஒரு மரத்தைத் தறித்துவிட்டு அதற்குப் பதிலாகப் பத்துக் கன்று நடுகிறோம் என்று சொல்லும்போது, அந்தப் பத்தும் சேர்ந்து இந்த நிழலைத் தர எத்தனை தசாப்தம் ஆகும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எல்லாப் பச்சையும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வெட்டிவிட்ட புல்தரை படத்துக்கு அழகு. ஆனால் அதற்கு நிழல் கிடையாது. ஆடி மாதத்தில் அதைப் பச்சையாக வைத்திருக்க நிறையத் தண்ணீர் இறைக்க வேண்டும். பனைக்கு வேறு வேலை. கரையோர மண்ணைப் பிடித்துக்கொள்ளும், சோளகக் காற்றை உடைக்கும், நிழல் மட்டும் சிறியது. வரிசையாக நிற்கும் அலங்காரப் பாம் மரங்களுக்கு அந்த வேலைகளும் இல்லை. வெக்கைக்கு மருந்து விரிந்த குடை உள்ள மரம்தான்: வேம்பு, மருது, இலுப்பை, நாவல், வாகை, மகிழ். உப்புக்காற்று அடிக்கிற இடத்துக்குப் பூவரசு.

தண்ணீரைச் சேமிக்கிற வேலை

யாழ்ப்பாணத்தில் பசுவெளியைப் பற்றிப் பேசுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. மற்ற நகரங்களில் பூங்கா இல்லாவிட்டால் வசதி குறையும். எங்கள் ஊரில் கிணற்றுத் தண்ணீர் கெடும்.

ஏன் என்று பார்ப்போம். குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறு இருக்கிறது, அதுவும் மாரியில் மட்டும்தான். மலை இல்லை, பெரிய நீர்த்தேக்கம் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற வாடைக்காற்று மழைதான் ஆண்டின் பெரும்பங்கு. அந்த மழை மண்ணுக்குள் இறங்கி, கீழேயுள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகிறது. நாம் கோடையில் இறைப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

அதற்குக் கீழே என்ன இருக்கிறது? கடல்நீர். குடாநாட்டைச் சுற்றிக் கடலும் களப்பும் இருப்பதால் உப்புநீர் அடியில் உள்ளே வரை வந்து நிற்கிறது. நன்னீர் அடர்த்தி குறைந்தது என்பதால், தண்ணீரில் எண்ணெய் மிதப்பதுபோல, உப்புநீருக்கு மேலே ஒரு வில்லையாக மிதக்கிறது. இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி உயரத்துக்கு நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. திருப்பிப் பாருங்கள்: மேல்மட்டம் 1 அடி இறங்கினால், அடியிலுள்ள உப்புநீர் காலப்போக்கில் 40 அடி வரை மேலே வரலாம். நேற்று வரை நல்ல தண்ணீராக இருந்த கிணறு சவர் தட்டுவதற்குப் பின்னாலுள்ள கணக்கு இதுதான். மேலேயிருந்து மழைநீர் இறங்கிக்கொண்டே இருந்தால்தான் அந்த வில்லை தடித்து நிற்கும்.

இப்போது வளவுக் கணக்குக்கு வருவோம். 16 பரப்பு ஒரு ஏக்கர். ஆகவே ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 1 லீற்றர். மாரியில் ஒரு நல்ல மழை 50 மில்லிமீற்றர் பெய்தது என்று வைத்துக்கொண்டால், ஒரு பரப்பில் மட்டும் 12,600 லீற்றருக்கு மேல் விழுகிறது. வீட்டுக் கூரையில் நிற்கும் ஆயிரம் லீற்றர் கறுப்புத் தாங்கிகள் பன்னிரண்டு நிறையும் தண்ணீர்! மண் தரையாக இருந்தால் அதில் பெரும்பகுதி கீழே இறங்கும். சீமெந்தாக இருந்தால் வாசலால் ஒழுங்கைக்கு ஓடி, ஒழுங்கையிலிருந்து வாய்க்காலுக்கு ஓடி, வாய்க்கால் அடைபட்டிருந்தால் யாரோ ஒருவருடைய வீட்டுக்குள் புகுந்து, மிச்சம் களப்பில் கலந்துவிடும். கார்த்திகையில் வெள்ளம் என்று அழுவதும் ஆனியில் கிணறு வற்றுகிறது என்று அழுவதும் ஒரே தண்ணீருக்காகத்தான்.

நகரம் தட்டையாக இருப்பதால் வெள்ளம் வடிய நேரமெடுக்கும். 2024 நவம்பர் இறுதியில் பெய்த மழையில் யாழ்ப்பாண மாவட்டம் எப்படித் தத்தளித்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தேங்கிய நீர் போன பிறகு டெங்கு வருகிறது.

எங்கள் முன்னோருக்கு இந்தக் கணக்குத் தெரிந்திருந்தது. குடாநாட்டில் சிறிதும் பெரிதுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் இருக்கின்றன. வயலுக்குப் பாய்ச்சுவதற்கு மட்டும் இத்தனை குளம் தேவையில்லை. மழையைப் பிடித்து நிறுத்தி, ஆறுதலாக நிலத்துக்குள் இறங்க விடுவதும் அவற்றின் தொழில். குளத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் தண்ணீர் ஊறுவதை ஊரில் எல்லோரும் கண்டிருக்கிறார்கள். அதனால்தான் நகரக் குளங்களையும் அவற்றின் கரைகளையும் நான் பசுவெளிப் பட்டியலில் முதலில் வைப்பேன், பூஞ்செடிகளுக்கும் முன்னால்.

ஆரியகுளம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நகரின் நடுவே பாழாய்க் கிடந்த அந்தக் குளத்தை யாழ்ப்பாணம் மாநகர சபை 2021இல் தியாகி அறக்கொடை நிறுவனத்தின் உதவியோடு புனரமைத்தது. பின்னேரங்களில் அங்கே குடும்பங்கள் வந்து நடக்கின்றன, பிள்ளைகள் ஓடுகிறார்கள். ஒரு குளம் மக்களுக்கும் உதவும், நீருக்கும் உதவும் என்று கண்ணால் காட்டியது பெரிய காரியம். குளங்களைத் திருத்தும்போது எங்கும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கரையைக் கட்டி விளக்குப் போடுவது கண்ணுக்குத் தெரியும் வேலை. மழைநீர் குளத்துக்குள் வருகிற வாய்க்கால்கள் திறந்திருக்கின்றனவா என்பது கண்ணுக்குத் தெரியாத வேலை. ஒரு வாய்க்கால் வாயில் குனிந்து பார்த்தால் தெரியும்: ஷொப்பிங் பை, யோகட் கப், சருகு, அதற்குப் பின்னால் கறுப்பாக நிற்கும் தண்ணீர். அந்த வாய் அடைபட்டால் குளம் வெறும் தொட்டியாகிவிடும். அதேபோல அடியையும் கரையையும் முழுக்கச் சீமெந்தால் பூசினால் நீர் நிலத்துக்குள் இறங்க வழியிருக்காது. பூங்காவுக்குள் நடைபாதை போடும்போதும் இதே கேள்விதான். கல்லுக்கு அடியில் கொங்கிரீட் இருக்கிறதா, மணல் இருக்கிறதா?

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். கொழும்பு நகரம் தன்னைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்களை வெள்ளத்துக்கு வடிகாலாகப் பேணுகிறது. 2018இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ஒப்பந்தமான ராம்சார் உடன்படிக்கையின் கீழ் சதுப்புநில நகரம் என்ற அங்கீகாரத்தைப் பெற்ற முதல் நகரங்களில் அதுவும் ஒன்று. பண்ணையிலும் அரியாலையிலும் களப்பையொட்டி நிற்கும் கண்டல்களும் சேற்றுநிலமும் எங்களுக்கு அப்படிப்பட்டவை. பருவத்தில் பூநாரைகள் வந்து நிற்பது அதற்கு மேலே கிடைக்கிற கொடை.

மனிதரைச் சேர்க்கிற வேலை

பொது நிழல் என்பது எங்களுக்குப் புதிதில்லை. நடந்து வருபவர் பாரத்தை இறக்கி வைக்கச் சுமைதாங்கி, மாடு உடம்பு உரசிக்கொள்ள ஆவுரோஞ்சிக்கல், குடிக்கக் கேணி, இருக்க மடம், பக்கத்தில் ஒரு ஆலோ அரசோ. பருத்தித்துறையில் தெருமூடி மடம் இன்றைக்கும் நிற்கிறது: றோட்டின் மேலேயே கூரை, இரண்டு பக்கமும் திண்ணை. அந்நியருக்கும் களைப்பு வரும் என்று நினைத்துக் கட்டியவர்கள் நாம். பூங்கா அந்த மரபின் இன்றைய வடிவம்.

இன்றைக்கு அது யாருக்கு அதிகம் தேவை? முதலில் முதியவர்களுக்கு. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, நாலு அறை வீட்டில் தனியே இருக்கும் ஐயாமாரும் அம்மாமாரும் எங்கள் ஒழுங்கைகள் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். வீடியோ அழைப்பு முடிந்த பிறகு வீட்டுக்குள் ஒரு அமைதி வருமே, அதை அறிந்தவர்களுக்குத் தெரியும். நடந்து போகும் தூரத்தில் நிழலோடு ஒரு வாங்கு இருந்தால், ஒரு ஐயா பின்னேரம் பேப்பரோடு போய் இருப்பார். மூன்றாம் நாள் பக்கத்தில் இன்னொருவர் வந்து இருப்பார். நீரிழிவுக்கும் பிறஷருக்கும் "நடவுங்கோ" என்று டொக்டர் சொல்கிறார். மினிபஸ்ஸும் மோட்டார்சைக்கிளும் உரசிக்கொண்டு போகிற றோட்டில் எழுபது வயதில் எங்கே நடப்பது?

பிள்ளைகளுக்கு அதைவிட அவசரம். பள்ளிக்கூடம் விட்டால் ரியூசன், ரியூசன் விட்டால் இன்னொரு ரியூசன். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற அரை மணித்தியாலத்தில் அவர்கள் நிற்பது வகுப்பு வாசலில், வெயிலில், கையில் போனோடு. அந்த அரை மணித்தியாலத்துக்கு ஒரு மரமும் கொஞ்சம் மண்ணும் கொடுத்துப் பார்க்கலாம்.

அப்புறம் நோயாளிகள். 1984இல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு உலகப் புகழ் பெற்றது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு ஆஸ்பத்திரியில் பித்தப்பைச் சத்திரசிகிச்சை செய்தவர்களின் பதிவுகளை அவர் ஒப்பிட்டார். மொத்தம் 46 பேர். பாதிப் பேருக்கு யன்னலால் மரங்கள் தெரிந்தன, மற்றவர்களுக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம் முந்தி வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகத் தேவைப்பட்டது. 46 பேரை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் யாழ் போதனா வைத்தியசாலைக்கு வெளியே, உள்ளே படுத்திருப்பவருக்காகச் சாப்பாட்டுப் பையோடு பார்வையாளர் நேரம் வரும்வரை வெயிலில் நிற்கும் உறவினர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு நினைவுக்கு வரும். அவர்களுக்கு நாலு மரமும் பத்து வாங்கும் போட முடியாத அளவுக்கு நாம் வறியவர்களா?

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு பூங்கா நல்ல பூங்காவா என்று அறிய அங்கே தனியே வந்து இருக்கும் பெண்களைத் தேடுங்கள். இல்லையென்றால் ஏதோ பிழை. பெரும்பாலும் காரணம் எளிமையானது: விளக்கு எரியாது, ஒரே ஒரு வாசல், றோட்டிலிருந்து உள்ளே தெரியாதபடி உயர்ந்த மதில், கழிப்பறை இல்லை அல்லது பூட்டு. இதில் கழிப்பறை முக்கியம். கழிப்பறை இல்லாத பூங்காவுக்குச் சின்னப் பிள்ளையோடு ஒரு தாய் எத்தனை நிமிடம் வருவாள்? மதிலுக்குப் பதிலாக உள்ளே தெரிகிற கம்பிவேலி, வாசலில் ஒரு கச்சான் கடை, வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு ஆட்கள் வருகிற ஏற்பாடு. இவை காவலாளியைவிட நல்ல காவல். காலையில் நடக்கிறவர்கள், பத்து மணிக்கு முதியவர்கள், மதியத்தில் சாப்பாட்டுப் பார்சலோடு கடைப் பிள்ளைகளும் ஓட்டோக்காரரும், பின்னேரம் குடும்பங்கள் என்று ஆள் மாறி மாறி இருக்கும் இடத்தில் தொல்லை கொடுப்பவருக்கு ஒளிய இடமிருக்காது. மதியத்தில் பூட்டி, பின்னேரம் மட்டும் திறக்கும் பூங்கா, நிழல் மிகவும் தேவையான நேரத்தில் நிழலைப் பூட்டி வைக்கிறது.

போர்க்காலத்தில் ஊரடங்கோடு வளர்ந்த ஒரு தலைமுறைக்குப் பின்னேரம் வெளியே போய் இருப்பது என்ற பழக்கமே அறுந்து போனது. அது இப்போதுதான் திரும்பி வருகிறது. பண்ணையில் ஞாயிறு பின்னேரம் கூடும் சனத்தைப் பார்த்தால் அந்தத் தாகம் புரியும். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அங்கே வழி இருக்க வேண்டும். எங்கள் மண்ணில் அதைச் சொல்லக் காரணம் வேண்டியதில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் பேண்தகு அபிவிருத்தி இலக்குகளில் 11.7 என்ற இலக்கும் இதையே கேட்கிறது: 2030க்குள் பெண்கள், சிறுவர், முதியோர், மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லோருக்கும் பாதுகாப்பான பசுவெளி.

உங்கள் ஒழுங்கையை நீங்களே அளந்து பாருங்கள்

நெதர்லாந்தைச் சேர்ந்த நகர வனவியலாளர் சிசில் கொனைனென்டைக் 2021இல் ஒரு எளிய அளவுகோலை முன்வைத்தார்: 3-30-300. வீட்டிலிருந்து பார்த்தால் 3 பெரிய மரங்களாவது தெரிய வேண்டும். குடியிருக்கும் பகுதியில் 30 வீதமாவது மரக்குடையின் கீழ் இருக்க வேண்டும். 300 மீற்றருக்குள், அதாவது நாலைந்து நிமிட நடையில், ஒரு பொதுப் பசுவெளி இருக்க வேண்டும்.

முதலாவதில் எங்கள் பழைய குறிச்சிகள் இன்னும் தேறும். 30 வீதம் என்பது பெரிதாகத் தோன்றும், ஆனால் கணக்குப் பார்த்தால் அப்படியில்லை. குடை 10 மீற்றர் அகலமுள்ள ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம் ஏறத்தாழ 78 சதுர மீற்றரை மூடும். ஒரு பரப்புக் காணியில் 30 வீதத்துக்கு அது போதும். பரப்புக்கு ஒரு பெரிய மரம், அவ்வளவுதான். மூன்றாவதில்தான் நாம் விழுகிறோம். நல்லூரிலோ நூலகத்தடியிலோ இருப்பவருக்கு 300 மீற்றரில் ஏதாவது இருக்கும். மற்ற வட்டாரங்களில் அநேகமாகக் கோயில் வீதியும் பள்ளிக்கூட மைதானமும்தான் மிச்சம், அவற்றுக்கும் வாசலும் நேரமும் உண்டு. அதனால் பெரிய பூங்கா ஒன்றைக் கனவு காண்பதைவிட, வட்டாரத்துக்கு வட்டாரம் இரண்டு பரப்பு, மூன்று பரப்பில் சின்னச் சின்ன நிழலிடங்கள் அமைப்பதே எங்களுக்குப் பொருத்தம் என்பது என் உறுதியான எண்ணம். தூர்ந்துபோன குளத்தின் கரை, சந்தியில் மிஞ்சிய மூலைக்காணி, இவை போதும்.

நடுகையும் அதற்குப் பிறகும்

வடமாகாணத்தில் கார்த்திகையை மரநடுகை மாதமாகக் கொண்டாடுகிறோம். நல்ல காலம் அதுதான். மாரி மழையில் கன்று வேரூன்றிவிட்டால் தையில் பனியும் பங்குனியில் வெயிலும் வரும்போது தாக்குப்பிடிக்கும். ஆனால் கன்று சாவது கார்த்திகையில் இல்லை. படம் எடுத்து எல்லோரும் போன பிறகு, ஆனி ஆடியில், தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் சாகிறது. முதல் இரண்டு கோடைக்கும் கிழமைக்கு இரண்டு தரமாவது வேரடி நனையத் தண்ணீர் வேண்டும். கட்டாக்காலி மாடும் ஆடும் கடிக்காமல் கூடு வேண்டும். மின்கம்பிக்குக் கீழே உயர வளரும் மரத்தை நட்டுவிட்டு, பிறகு ஆண்டுதோறும் தலையை வெட்டி மொட்டையாக்குவது மரத்துக்கும் கொடுமை, வேலையாட்களுக்கும் வீண் உழைப்பு. அங்கே குட்டையான மரம் போதும். நடைபாதை போடும்போது மரத்தின் அடி வரை சீமெந்தை இறுக்கிப் பூசுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அடிமரத்தைச் சுற்றி ஒரு மீற்றராவது மண் விடவேண்டும். வேருக்கும் காற்றும் நீரும் வேண்டும்.

உள்ளூராட்சி சபைகள் அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை ஆண்டு இறுதியில்தான் நிறைவேற்றுகின்றன. அதற்கு முன், புரட்டாதி ஐப்பசியிலேயே, உங்கள் வட்டார உறுப்பினரைப் பிடித்து மூன்று விஷயம் கேளுங்கள். எங்கள் வட்டாரத்தில் சபைக்குச் சொந்தமான காணியும் குளமும் எவை, அவற்றின் எல்லை அளந்து கல் நடப்பட்டிருக்கிறதா? குளத்துக்கு வருகிற வாய்க்கால்களை மழைக்கு முன் யார் துப்புரவாக்குவது? சென்ற கார்த்திகையில் நட்ட கன்றுகளுக்கு வருகிற ஆடியில் தண்ணீர் ஊற்ற எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்? எழுத்தில் கொடுத்து, திகதி போட்டு, ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். சனசமூக நிலையத்தின் பெயரில் பத்துப் பேர் கையெழுத்திட்டால் இன்னும் நல்லது.